இரண்டாவது பயணத்தின் செலவு

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. சென்ற ஆண்டு உதவித்தொகை பெற்ற பிள்ளை தேர்வில் தவறிவிட்டால், இந்த ஆண்டும் கொடுக்கத்தான் வேண்டுமா? கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஸதகாவாக வந்த பணம் நம் கையில் அமானிதம். அது வீணாகக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது, நமக்கும் இருக்கிறது.

இதற்கு விடையாக, நம் நாட்டின் வடகோடியிலுள்ள லடாக் பெண்பிள்ளைகளின் செய்தியை இன்று சொல்ல விரும்புகிறோம்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே குளங்கள் உறைந்துபோகும். அந்த உறைபனி மேல்தான் அவர்கள் ஐஸ் ஹாக்கி பழகினார்கள். ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம்தான் பனி கெட்டியாக நிற்கும், பிறகு உருகிவிடும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் பௌத்த வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். அணியின் கோல்கீப்பராக ஆடிய நூர் ஜஹான் லே நகரத்து முஸ்லிம் பெண்மணி. பழங்காலத் துணிகளையும் கலைப்பொருள்களையும் சீரமைத்துப் பாதுகாக்கும் தொழிலையும் கற்றவர்.

2016ஆம் ஆண்டு இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாக ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போனது. தைவானின் தைப்பே நகரில் நடந்த ஆசியச் சவால் கோப்பைப் போட்டி அது. செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். அப்படிப் போன அணிக்கு அங்கே ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை.

இப்படியோர் அணியை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் பயிற்சியாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். திறந்த வெளியில் உறைந்த குளத்தில் பழகிய பிள்ளைகள் மூடிய அரங்கில், இயந்திரத்தால் உறைய வைத்த பனித்தளத்தில் ஆட வேண்டும். சுற்றிலும் உயரமான தடுப்புப் பலகை. அதில் மோதித் திரும்பும் ரப்பர் வட்டு எந்தப் பக்கம் வரும் என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. களத்தில் ஒரு கோல்கீப்பரும் ஐந்து பேரும். முழு வேகத்தில் சறுக்கும் ஒருவருக்கு ஒரு நிமிடத்திற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆட்டம் நிற்காமலே ஆளை மாற்ற வேண்டும். பயிற்சியாளர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று, யார் திரும்ப வேண்டும், யார் இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தனியாகப் பேச ஓர் ஆட்டத்தில் ஒரே முறை 30 விநாடி இடைவேளை கேட்கலாம். அவர் களத்தில் இறங்கிக் கோல் அடிக்க முடியாது. கோல் வாங்கிவிட்டுத் தலைகுனிந்து திரும்பும் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சொல்லி, மறுமுறையும் இறக்கிவிடத்தான் முடியும்.

அந்த மறுமுறைதான் நாம் கவனிக்க வேண்டியது. தைப்பேயில் தோற்றதும், கொடுத்தவர்கள் கையை மடக்கிக்கொண்டிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை. 2017இல் அதே போட்டிக்குத் தாய்லாந்தின் பாங்காக் நகருக்கு அணி போனது. பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கணக்கில் வென்றது. அதுதான் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. பிறகு 2025இல், அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில், பெரும்பாலும் லடாக் பெண்களைக் கொண்ட இந்திய அணி வெண்கலப் பதக்கம் வென்றது.

முதல் பயணத்துக்குக் கொடுப்பது எளிது. வழியனுப்ப ஊரே வரும். தோற்று வந்த பிள்ளையின் இரண்டாவது பயணத்துக்குக் கொடுக்கத்தான் மனம் விரிய வேண்டும்.

உஹதுப் போரை எண்ணிப் பாருங்கள். குன்றின் மேல் நிறுத்தப்பட்ட வில்லாளிகளில் பெரும்பாலோர் தங்கள் இடத்தை விட்டு இறங்கினார்கள். அதனால் பேரிழப்பு ஏற்பட்டது. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தோழர்களைத் தள்ளி வைக்கவில்லை, மென்மையாகவே நடந்துகொண்டார்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. தேர்வில் தவறிய பிள்ளைக்கு, மறுதேர்வு எழுதி முடியும்வரை உதவித்தொகை நிற்கக் கூடாது. கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பாடத்தில் தவறியது, ஏன் தவறியது என்று விசாரிப்போம். பணத்தோடு ஓர் ஆளையும் கொடுப்போம். நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் பெண்மக்கள் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளரின் வேலை அதுதான்.

பெற்றோர்களே! தவறிய பெண்பிள்ளையின் படிப்பை அத்தோடு நிறுத்திவிட வேண்டாம். மகனுக்கு இன்னொரு முறை எழுத இடம் கொடுக்கும் நாம், மகளுக்கும் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.