கொல்லைப்புறத்து வீடும் கூரைமேல் சோலாரும்

(ஜும்ஆவுக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊரிலிருந்து உம்மா வாப்பாவை அழைத்து வந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, கலிஃபோர்னியாவில் வாழும் நம்மில் பலருக்கு உண்டு. அதற்காகவே கொல்லைப்புறத்தில் சிறு வீடு கட்ட நினைக்கிறோம். இங்கே அதை ஏடியூ என்கிறார்கள். நாங்களும் கட்டினோம். நாங்கள் இடறிய இடத்தில் நீங்கள் இடறக் கூடாது என்பதற்காகவே பேச வந்திருக்கிறோம்.

எங்கள் திட்டம் 500 சதுர அடி, தனியாக நிற்கும் வீடு. வரைபடம் முடியும் முன்பே ஒரு சோலார் விற்பனையாளர் வாசலுக்கு வந்தார். "புது வீட்டுக்கு சோலார் கட்டாயம், இல்லையென்றால் பெர்மிட் கிடைக்காது" என்றார். பயந்துபோய், பல வருடக் கடன் பத்திரத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

இரவு ஊருக்குப் பேசும்போது சந்தோஷமாகச் சொன்னோம். உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "அதுல வட்டி இருக்கா வாப்பா?"

எங்களிடம் பதில் இல்லை. பத்திரத்தை எடுத்து முழுதாகப் படித்தோம். வட்டி இருந்தது. கூடவே, மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்ற அறிவிப்பும் இருந்தது. வீட்டுக்கு வந்து விற்பவர்களின் ஒப்பந்தங்களுக்கு இங்குள்ள சட்டம் தரும் உரிமை அது. 65 வயது நிரம்பியவர்களுக்கு ஐந்து வேலை நாட்கள். மூன்றாம் நாள் எழுத்து மூலமாக ரத்து செய்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் விவரம் தெரிந்தவரிடம் போனோம். அவர் சொன்னது இதுதான். 2020 ஜனவரி 1 முதல், புதிதாகத் தனியாகக் கட்டும் ஏடியூவுக்கு சோலார் விதி பொருந்தும். தகடுகளை அதன் கூரையிலும் வைக்கலாம், பெரிய வீட்டின் கூரையிலும் வைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் கராஜை வீடாக மாற்றினாலோ, பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டினாலோ சோலார் கட்டாயமில்லை.

தனி வீட்டுக்கும் விலக்கு உண்டு. மாநிலத்தை 16 தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்தையும் சதுர அடியையும் வைத்துக் கணக்கிடும்போது, தேவையான அளவு 1.8 கிலோவாட்டுக்குக் குறைந்தால் சோலார் வேண்டியதில்லை. நாங்கள் விண்ணப்பித்த 2022 விதிகளின்படி எங்கள் வீடு அந்த அளவுக்குள்தான் வந்தது. வேண்டாத ஒன்றுக்கு வட்டியில் விழ இருந்தோம்!

சோலார் இல்லை என்பதற்காக மற்ற விதிகள் போய்விடாது. சுவரிலும் கூரையிலும் வெப்பத்தடுப்பு, தரமான ஜன்னல், காற்றோட்டம், சிக்கனமான வெந்நீர்க் கருவி எல்லாம் வேண்டும். இவற்றைக் கணக்கிட்டுத் தரும் சிஎஃப்1ஆர் என்ற சான்றிதழை பெர்மிட் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்த அறையில் படுக்கப்போவது நம் பெற்றோர்.

பெர்மிட் இல்லாமல் கராஜில் பெரியவர்களைத் தங்கவைப்பதை அறவே தவிருங்கள். மின்கம்பியில் கோளாறு வந்தாலும், தீப்பிடித்தாலும் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

ஆகவே, வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வரைபடம், அடுத்து எரிசக்திக் கணக்கு, அதன் பிறகே சோலார் பேச்சு. 2026 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதிப்படி கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கூரை சோலாருக்கு இருந்த 30 சதவீத மத்திய வருமான வரிச் சலுகை 2025-ஓடு முடிந்துவிட்டது. அதைக் காட்டி யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள். சோலார் தேவைப்படுமானால், ரொக்கமாக வாங்க முடியுமா என்று பாருங்கள். குத்தகை என்றால் ஆலிம்களிடம் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இன்று உம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். ஃபஜ்ருக்கு அவர்கள் விளக்குப் போடுவது எங்கள் ஜன்னலில் தெரியும். நம் பெற்றோரை ஹலாலான கூரையின் கீழ் வைத்துப் பார்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.