சுபாவம் அறிந்து பயிற்றுவித்தல்: மாநாட்டுத் தலைமை உரை

இந்த விளையாட்டு உளவியல் மாநாடு திருவனந்தபுரம் ஆரியசாலையில் கூடுவது எனக்கு மகிழ்ச்சி. இங்கே நடமாடும் மனிதர்களின் சுபாவங்களைத்தான் எழுத்தாளர் ஆ. மாதவன் தம் சாலைத்தெருக் கதைகளில் எழுதிவைத்தார். அந்தச் சுபாவத்தையே நாம் ஓடுகளத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், பி.டி. உஷா 55.42 நொடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ருமேனியாவின் கொஜொகாருவுக்கு 55.41. அந்த இறுதிப் பந்தயத்தில் ஒருவர் முந்திப் புறப்பட்டுவிட, எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி ஓடவிட்டார்கள். நம் துறை கவனிக்க வேண்டியது இரு புறப்பாடுகளுக்கு நடுவிலான அந்த இடைவெளியைத்தான். திரட்டிவைத்த வேகம் கலைந்தபின் எட்டுப் பேர் மீண்டும் கோட்டுக்கு வருகிறார்கள். எட்டு மனங்களும் ஒரே நிலையில் வந்திருக்க முடியாது. உஷாவின் மனத்தை இங்கிருந்து எடைபோட நான் துணியமாட்டேன். தோற்றவர் எவரானாலும் ‘மனஉறுதி போதாது’ என்று தீர்ப்பெழுதும் வழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். அதே உஷா 1986 சோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

சுபாவ வேறுபாட்டை விளக்க, நரம்பு மண்டலத்தை வலியது, மெலியது என்று பிரித்தவர் பாவ்லோவ். அவருக்குப் பின் வந்த தெப்லோவ், மெலியது எனப்படுவதே நுண்ணிய தூண்டலையும் விரைவில் உணர்கிறது என்று காட்டினார். அப்படியானால் அதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

போலந்து நாட்டு யான் ஸ்த்ரெலாவின் ஆய்வு நம் பயிற்சிக் களங்களுக்கு இன்னும் நெருக்கமானது. எளிதில் தூண்டப்படும் சுபாவமுள்ளவர்கள் முக்கியச் செயலைச் சுற்றிப் பல துணைச் செயல்களைச் செய்துகொள்கிறார்கள் என்கிறார் அவர். நாமும் பார்க்கிறோமே: ஒரு பெண் புறப்பாட்டுக் கட்டையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறாள், ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டுகிறாள், அடிகளை அளந்து நடக்கிறாள். பயிற்சியாளர் பொறுமையிழந்து அதட்டுகிறார். பதற்றத்தைத் தாங்கும் அளவுக்குக் குறைக்க அவளுக்குக் கிடைத்த வழி அதுவாக இருக்கலாம். பக்கத்துத் தடத்துப் பையனோ கூட்டம் ஆரவாரிக்காவிட்டால் சோர்ந்துபோகிறான். இருவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒருவருக்கேனும் அது தீங்காக முடியும்.

சுபாவமே தலைவிதி என்றும் நான் சொல்லவில்லை. உஷாவின் பந்தயம் நடந்த அதே 1984இல், உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் தங்கள் நூலில், நெருக்கடியை ஒருவர் எப்படி மதிப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தே அதைச் சமாளிக்கும் வழி அமைகிறது என்று விளக்கினார்கள். மதிப்பிடுவதைக் கற்பிக்க முடியும். உஷா வென்ற அதே 1986 சோல் போட்டியில், 800 மீட்டரில் முன்னால் ஓடிய ஷைனி ஆபிரகாம், தடம் மாறிய பிழைக்காக நீக்கப்பட்டார். பின்னர் அதே களத்தில், தங்கம் வென்ற 4x400 தொடர் ஓட்ட அணியில் ஓடினார். நடுவே அவர் மனம் எப்படித் தேறியது, உடனிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? நம்மூர் விளையாட்டு வீரர்களிடம் இவற்றைக் கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வு தமிழிலும் மலையாளத்திலும் பெருக வேண்டும். வேற்றுமொழி வினாத்தாளைப் பெயர்த்து நிரப்பச் சொல்வது அதற்கு ஈடாகாது.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மைதானங்களிலிருந்து வந்திருக்கும் பயிற்சியாளர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். ஒவ்வோர் அமர்விலும் முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.