போதும் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



'முதுமையும் மன நிறைவும்' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. கேட்கிற உங்களில் பாதிப்பேர் இருபதைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். தலித் அரசியல் பேசுற மேடையில கிழவன் கிழவி கதைக்கு என்ன வேலை என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நிலத்தில் சாதி இருக்கிறது, கூலியில் இருக்கிறது, கோயிலில் இருக்கிறது, சுடுகாட்டில் இருக்கிறது என்று சொல்கிற நாம், வயசாவதில் மட்டும் சாதி இல்லை என்று நினைத்துவிட முடியுமா?

கவிதை எழுதுகிறவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். சோறு போடுவது பேங்க் கிளார்க் வேலை. ஆகவே நான் பார்த்த முதுமை பெரும்பாலும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற முதுமை. முதியோர் உதவித்தொகை வாங்க வருகிறவர்களைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962இல் வந்தது. அப்போது மாசம் 20 ரூபாய். அது ஏறி ஏறி 2023இல் 1200 ஆனது. மத்திய அரசு 1995இல் தன் பங்காக 75 ரூபாய் என்று ஆரம்பித்து, பிறகு 200 ஆக்கி, எண்பது வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பல வருஷம் அதிலேயே நிறுத்தி வைத்தது. மாத்திரைக்கும் வெற்றிலைக்கும் பேரப்பிள்ளை கையில் கொடுக்கிற பத்து ரூபாய்க்கும் இந்தப் பணம்தான்.

அதை வாங்க ஒரு மெசினில் விரலை வைக்க வேண்டும். ரேகை பொருந்தினால் பணம். நாற்று நட்டு, களை பறித்து, சூளையில் கல் அறுத்து, சாணி அள்ளித் தேய்ந்த விரலில் மெசினுக்கு வேண்டிய ரேகை இருக்காது. ஒரு பாட்டி அஞ்சாறு தடவை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "இன்னா கண்ணு, நான் நானில்லேங்குதா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டது. அறுபது வருஷம் உழைத்ததற்கான சாட்சி அந்த வழவழத்த விரல். அந்தச் சாட்சியே அவரை யாரென்று தெரியாதவர் ஆக்கிவிடுகிறது. ஏசி அறையில் கோப்பு புரட்டிய விரலுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதில்லை.

இனி, முதுமை என்றால் நிறைவு, முதுமை என்றால் ஞானம் என்கிற பேச்சுக்கு வருவோம். இது யாருடைய கருத்தாக்கம்? பிரம்மச்சரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நான்கு ஆசிரமம் வகுத்த தர்ம சாஸ்திரங்கள் அதை மேல் மூன்று வர்ணத்து ஆண்களுக்கு வகுத்தன. சூத்திரனுக்கே அதில் இடம் கிடையாது. தவம் செய்த சம்பூகன் தலை என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். வர்ணத்துக்கே வெளியே தள்ளப்பட்டவனுக்கு ஏது வானப்பிரஸ்தம்? அவனை ஏற்கெனவே ஊருக்கு வெளியேதானே வைத்திருக்கிறார்கள்! அறுபதாம் கல்யாணம், எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வயசைக் கொண்டாட ஒரு சமூகத்திற்குச் சடங்கு இருக்கிறது. எங்கள் காலனியில் பல பேருக்குப் பிறந்த வருஷமே தெரியாது. 'பெரிய புயல் அடிச்ச வருஷம்' என்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் புயலை எழுத முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் மரியாதை. தமிழில் வயசுக்கு மரியாதை இலக்கணத்திலேயே இருக்கிறது. 'வா' என்பது 'வாங்க' ஆகிறது. 'அவன்' என்பது 'அவர்' ஆகிறது. ஆனால் எண்பது வயசுத் தாத்தாவை ஆதிக்க சாதித் தெருவில் எட்டு வயசுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டு வளர்ந்திருக்கிறேன். "டேய், அப்பா வரச் சொன்னாரு." தாத்தாவும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "தோ வரேன் சின்னய்யா" என்பார். வயசு ஏறுகிறது, மரியாதை ஏறவில்லை. சாகிறவரைக்கும் ஒரு மனிதனை 'பையனா'கவே வைத்திருக்க சாதிக்கு முடிகிறது. தாத்தாவைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்தப் பையனுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக் கொடுத்தது யார் என்றுதான் கேட்கத் தோன்றியது.

சரி, 'போதும்' என்ற மனம் பற்றிச் சொல்வார்களே, அதற்கு வருகிறேன். போதும் என்ற மனசைப் பொன்னோடு ஒப்பிட்டுப் பழமொழி சொல்கிறோம். நம்மிடம் அதைச் சொன்னது பெரும்பாலும் களத்து மேட்டில் நெல் அளந்து போட்டவன். மரக்காலைத் தலைதட்டி அளந்துவிட்டு, "அவன் நல்ல ஆளு, கொடுத்தது போதும்னு போவான்" என்று சான்றிதழும் கொடுப்பான். அங்கே நிறைவு என்பது கூலியைக் குறைக்கிற கருவி. அதனால்தான் இயக்கத்துக்காரனுக்கு 'திருப்தி' என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகம் வருகிறது. வர வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீரம்மா என்று ஒரு தாய். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரி. அவர் சொல்லச் சொல்ல ஜோசியான் ரசீன் பதிவு செய்த வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. பிரெஞ்சுப் பதிப்பின் துணைத் தலைப்பு, அடிமைப்பட்டவர்களின் சிரிப்பு என்று அர்த்தம் தருவது. பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். ஆண்டை வீட்டு வேலையில் தேய்ந்தவர். ஆனாலும் பாடுகிறார், கேலி பேசுகிறார், சிரிக்கிறார். இதைப் படித்துவிட்டு, 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தள்ள மனசு வரவில்லை. ஆண்டை கேட்கிற திருப்தி வேறு, தெருத் திண்ணையில் நாலு பெண்கள் கூடிச் சிரிக்கிற சிரிப்பு வேறு. முதலாவது அவனுக்காக. இரண்டாவது உயிரோடு இருப்பதற்காக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நம்முடைய ஜனங்களை நமக்கே தெரியாது.

பாபாசாகேப் அம்பேத்கரிடம் முதுமை பற்றி ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. சித்தார்த்தன் ஏன் வீட்டை விட்டுப் போனான்? ஒரு கிழவனை, ஒரு நோயாளியை, ஒரு பிணத்தைப் பார்த்தான், மனசு உடைந்தது, போய்விட்டான் என்பது பள்ளிக்கூடப் பாடம். பாபாசாகேப் தன் கடைசி நூலான 'புத்தரும் அவர் தம்மமும்' முன்னுரையில் இதை ஏற்க மறுக்கிறார். இருபத்தொன்பது வயசு வரைக்கும் ஒருவன் கிழவனையே பார்க்காமல் இருந்திருப்பானா என்று கேட்கிறார். அவர் எழுதுகிற கதையில் சண்டை ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக. சாக்கியரும் கோலியரும் மோதுகிறார்கள். போர் வேண்டாம் என்று சங்கத்தில் எதிர்த்த சித்தார்த்தன் ஊரை விட்டு வெளியேற வேண்டி வருகிறது. அதே முன்னுரையில், பிறப்பும் துன்பம், மூப்பும் துன்பம், இறப்பும் துன்பம் என்றே போதித்தால் மனிதனுக்கு நம்பிக்கை எங்கே மிஞ்சும் என்றும் கேள்வி எழுப்புகிறார்.

இதில் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கிழடு தட்டுவது துக்கம் இல்லை. நரை துக்கம் இல்லை. மனிதன் மனிதனுக்குச் செய்வதுதான் துக்கம். தண்ணீர்ச் சண்டையும் ஊர் விலக்கமும் நமக்குப் புரியாத விஷயமா என்ன!

ஊர் விலக்கம் என்றேன். 'ஊர்' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். எங்க ஆயா கடைக்குக் கிளம்பும்போது "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று சொல்லும். அப்படியானால் இருந்த இடம் என்ன? சேரி. ஊர் என்ற சொல்லுக்குள்ளேயே நாம் இல்லை. பிறந்து வளர்ந்து எழுபது வருஷம் வாழ்ந்த மண்ணில் 'என் ஊர்' என்று சொல்ல ஒரு கிழவிக்கு உரிமை இல்லை என்றால், அவள் நிறைவோடு வயசாவது எப்படி?

1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோது, தனக்குத் தாய்நாடு இல்லை என்று சொன்னவர் அம்பேத்கர். 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றபோது வயசு 65. உடம்பு முழுக்க நோய். டிசம்பர் 6இல் போய்விட்டார். இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. ஆனால் நாடு இல்லை என்றவர் போகும்போது ஒரு பெரும் கூட்டத்தைச் சேர்ந்தவராகப் போனார். அவர் ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, உண்டாக்கினார்.

நம் பக்கத்தில் பண்டிதர் அயோத்திதாசரைப் பாருங்கள். 1845இல் பிறந்தவர். சாக்கிய பௌத்த சங்கம் அமைத்தது 1898இல், ஐம்பது தாண்டிய பிறகு. 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியது 1907இல், அறுபத்திரண்டாவது வயசில். 1914இல் சாகிறவரைக்கும் நடத்தினார். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893இல், முப்பதுகளில். வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனது 1930இல், எழுபது வயசை ஒட்டி. இவர்கள் யாரும் ஓய்ந்து உட்கார்ந்து ஞானம் பெற்றவர்கள் இல்லை.

பெரிய பெயர்கள் போதும். எங்கள் காலனிப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சாவு சேதி சொல்வது, பறையடிப்பது, குழி வெட்டுவது, இதெல்லாம் அவர் தலையில். அறுபது வயசை நெருங்கியபோது, பையன்கள் கூடி இனிமேல் இந்த வேலைக்கு யாரும் போவதில்லை என்று முடிவு எடுத்தார்கள். அவர் முதலில் பயந்தார். பிறகு ஒருநாள் தெருவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, "போதுங்க, இனிமே வரல" என்று சொல்லிவிட்டார். அறுவடைக்குக் கிடைக்கிற நெல் நின்றது. சில மாசம் காலனியில் யாருக்கும் வேலை இல்லை. வீட்டில் கிழவி திட்டினாள். வெளியூர் செங்கல் சூளைக்குப் போய்த்தான் சமாளித்தார்கள். நான் பிறகு அவரிடம் கேட்டேன்: "பெரியப்பா, நெல்லு போச்சேன்னு வருத்தம் இல்லியா?" அவர் சொன்னார்: "ரொம்ப நாளு அவங்க போதும்னா நிறுத்துவேன், வேணும்னா அடிப்பேன். போதும்னு நானா சொன்னது அன்னைக்குத்தான்டா."

தோழர்களே, தமிழில் 'போதும்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இலையில் சோறு நிறைந்ததும் கையை மறித்துச் சொல்கிற போதும் ஒன்று. அடிக்கிற கையைப் பிடித்து நிறுத்திச் சொல்கிற போதும் இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லாதவனுக்கு முதலாவது வாய்க்காது. நிறைவு என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

ஆனால் இதற்காகப் பெரியவர்கள் எல்லாரையும் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. 'அவங்கள பகைச்சிக்காதடா' என்று பிள்ளைகளை அடக்குவதும் அவர்கள்தான். நம் உள்சாதிப் பிரிவுகளை, நமக்கும் கீழே யார் என்ற கணக்கை அக்கறையாகக் காப்பாற்றுகிறவர்களும் அவர்களில் உண்டு. பஞ்சாயத்தில் பெண்ணைப் பேசவிடாத கிழவர்களையும் பார்த்திருக்கிறேன். வயசு தானாக ஞானம் தராது. பட்டதை யோசித்தவர்களுக்குத்தான் தரும்.

அப்படி யோசித்தவர்களிடம் இருப்பது புத்தகத்தில் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம் என்று விதி. அந்தப் பஞ்சமி நிலம் எந்தப் பனைமரத்திலிருந்து எந்த ஓடை வரைக்கும் என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் மங்கியிருக்கலாம், கிழவர்கள் நினைவில் மங்கவில்லை. நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தோம். ஒரு கிழவர் செத்தால் ஓர் எல்லைக்கல் போகிறது. தெருவில் பாதிக் குழந்தைகளைத் தொட்டு எடுத்த மருத்துவச்சி பிறகு அதே வீட்டில் கொல்லைப்புறத்தில் நின்று கூலி வாங்கினாள். தீண்டாமையின் பொய்யை அவளைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

இன்னொன்று, நம்மில் படித்து வேலைக்குப் போனவர்கள் பற்றி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் நகரத்தில் வீடு வாங்கினார். அம்மாவை அழைத்து வந்தார். "யாராச்சும் எந்தத் தெருன்னு கேட்டா பதில் சொல்லாத, நம்ம பேச்சு பேசாத" என்று சொல்லி வைத்தார். மெத்தை இருக்கிறது, மாத்திரை நேரத்துக்கு வருகிறது, டிவி இருக்கிறது. அந்தம்மா பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மூணாம் மாசம் காலனிக்கே திரும்பிவிட்டார்கள். அங்கே கூரை ஒழுகுகிறது, ஆனால் வாயைத் திறந்து பேசலாம். அந்த மகனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. சாதியைச் சொன்னால் வீடு கிடைக்காத நகரம்தான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் பேச்சை விட்டுக் கொடுத்து வாங்குகிற வசதியில் ஒரு தாய்க்கு வயசாக முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, செய்ய வேண்டியது என்ன? மாணவர்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நில எல்லை, கூலிப் போராட்டம், பாட்டு, மருந்து, யார் எப்போது எதற்கு எதிர்த்து நின்றார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ரேகை விழாமல் உதவித்தொகை நின்றுபோனவர்கள் பட்டியல் எடுத்து, தாலுகா ஆபீசுக்குக் கூடவே போங்கள். புரோக்கர் கையில் விடாதீர்கள். கூட்டங்களில் பெரியவர்களைக் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் கூப்பிடாமல் பேசச் சொல்லுங்கள். பெண்களை முதலில் பேசச் சொல்லுங்கள்.

நமக்கும் வயசாகும். இயக்கம் என்பது இளைஞர்கள் வந்து கோஷம் போட்டுவிட்டு, கல்யாணம் ஆனதும் காணாமல் போகிற இடமாக இருந்தால், அறுபதில் நமக்கு உட்கார இடம் இருக்காது. முப்பதில் சேர்ந்தவன் எழுபதிலும் வந்து உட்கார்ந்து சண்டை போட ஒரு திண்ணை வேண்டும். ஊர் நமக்குக் கொடுக்காத அந்த ஊரை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். முன் வரிசையில் இரண்டு பாட்டிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் அவர்களைப் பற்றி நான் பேசினேன். இனி மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.