சர்வர் பேக்கப்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

(திண்டுக்கல் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரிக் குருவானவர் சர்வரைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறாரே என்று உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எங்களுக்குத் தெரிகிறது. நோயாளியின் கட்டிலருகே ஜெபிக்க நிற்கிறவர்கள் நாங்கள். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பாட்டியம்மாளிடம், “எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை?” என்று கேட்டால், “அந்த மஞ்சள் மாத்திரைதான் ஐயா” என்பார்கள். மஞ்சள் நிறத்தில் எத்தனையோ மாத்திரைகள் உண்டு. அதன் பெயர் முன்பு கேஸ் ஷீட்டில் இருந்தது. இப்போது சர்வரில் இருக்கிறது. அங்கே அழிந்துபோனால் அந்த அம்மாளுக்கு உதவ வேறு சாட்சி இல்லை.

சட்டமும் இதைக் கேட்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் காக்கவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். “கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது” என்பது அதற்குப் பதிலாகாது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். உள்ளே புகுந்தவர்கள் ஐந்து சர்வர்களில் இருந்த ஏறக்குறைய 1.3 டெராபைட் தகவல்களை யாரும் திறக்கமுடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் பதிவு, ரசீது, பரிசோதனை முடிவு எல்லாம் கையெழுத்தில் நடந்தன. பிறகு மீண்டது எப்படி? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தகவல்களை எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றியதாக மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. தேசத்தின் தலைசிறந்த மருத்துவமனையைக் கைதூக்கிவிட்டது அந்தக் கள்வர் கை எட்டாத ஒரு பெட்டிதான். பேக்கப் என்று எதை வாங்கினாலும், “சர்வருக்கு வரும் கேடு இதற்கும் வருமா?” என்று முதலாவது கேட்கவேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

பல அலுவலகங்களில், “எங்கள் சர்வரில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்று போனாலும் மற்றது ஓடும்” என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ரெய்ட் என்று அதற்குப் பெயர். நல்ல ஏற்பாடுதான், ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது. ஆனால் ஒரு பதிவை யாராவது தவறுதலாக அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். ஆகையால் அதை பேக்கப் கணக்கில் சேர்க்கக்கூடாது.

வல்லுநர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். இதைப் பரவச்செய்தவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். படங்களை இழந்தால் பிழைப்பு போய்விடும் என்கிறவரல்லவா, அவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அந்த “ஒன்று வேறு இடத்தில்” என்பதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸ் தேசத்தின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் தீக்கிரையானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தகவல் மையத்தில் பேட்டரியில் பற்றிய தீ, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவைத்திருந்த 858 டெராபைட்டை அழித்தது. அளவு மிகப் பெரிது என்ற காரணத்தால் அதற்கு வெளியே பிரதி எடுத்திருக்கவில்லை. கோடிகளைக் கொட்டுகிற அரசாங்கத்துக்கே இப்படி.

நமது ஊரில் தீ மட்டும் அல்ல. மாடித் தண்ணீர்த் தொட்டி கசியும். சித்திரை வெயிலில் மூடிய அறை அடுப்பாகும். மின்சாரம் போய் வருகிற வேகத்தில் பவர் சப்ளை கருகும். ஆகவே யூ.பி.எஸ். இல்லாத சர்வருக்கு பேக்கப் பெட்டி வாங்குவது, கூரையில்லாத வீட்டுக்குக் கதவு வாங்குவதுபோல. முதலில் யூ.பி.எஸ்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்லுகிறோம். நாஸ் என்று சொல்லப்படும் சேமிப்புப் பெட்டி (சினாலஜி, க்யூநாப் போன்றவை) எங்களைப்போன்ற அலுவலகத்துக்கு ஏற்றது. ஆனால் அதை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவைக்கக்கூடாது. 2022 ஜனவரியில் அப்படித் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் டெட்போல்ட் என்ற வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்தப் பெட்டிக்கு சர்வரின் பாஸ்வேர்டையே வைப்பதும் கூடாது. சர்வர் பெட்டிக்குள் எழுதுவதைவிட, பெட்டியே வந்து சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது பத்திரம்; சர்வரைக் கைப்பற்றியவனுக்குப் பெட்டியின் சாவி கிடைக்காது.

அதனுடன் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள். ஒரு வாரம் ஒன்று வேலை செய்ய, மற்றது வயரைக் கழற்றி வேறிடத்தில் இருக்கவேண்டும். வயர் இல்லாத டிஸ்க்குக்குள் எந்த வைரஸும் வராது. இரண்டையும் வெவ்வேறு கம்பெனியில் வாங்குவது நல்லது. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை ஒன்றாகவே நோய்ப்படுவதுண்டு. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2024-ல் தன்னிடம் பழுதானவை 100-க்கு ஒன்றரை அளவு என்று கணக்குக் காட்டியது. அவை குளிரூட்டிய அறையில் இருப்பவை என்பதை மறக்கக்கூடாது.

எல்.டி.ஓ. டேப் மிக நல்லது. ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். ஆனால் அதை ஓட்டும் கருவிக்குச் சில லட்சங்கள் ஆகும். எங்கள் அளவுக்கு அது வேண்டாம். கிளவுட் என்று தூரத்து சர்வரில் வைப்பதும் நல்லதே. ஆனால் நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 1 டெராபைட் போய்ச்சேர இரவும் பகலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். மீட்கும்போதும் கீழிறங்க நேரம் பிடிக்கும். ஆகையால் அது மூன்றாவது பிரதியாக இருக்கட்டும், முதலாவதாக அல்ல.

மென்பொருளில் திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன: ரெஸ்டிக், போர்க் ஆகியவை மாறிய பகுதியை மட்டும் சேர்த்து, ரகசியக் குறியீட்டில் பூட்டியும் வைக்கும். வீம் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு 10 இயந்திரங்கள்வரை போதும். எதை எடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பை அப்படியே நகல் எடுத்தால் பாதிப் பக்கம் எழுதிய நோட்டுப்புத்தகம்தான் கிடைக்கும். முறையாக டம்ப் எடுத்து அதையே பேக்கப் செய்யவேண்டும். நேற்றைய பிரதி மட்டும் போதாது. கேடு வாரங்கள் கழித்துத்தான் கண்ணில் படும். ஆகவே 7 நாள், 4 வாரம், 12 மாதப் பிரதிகள் இருக்கட்டும்.

பூட்டு என்றால் இந்த ஊருக்குச் சொல்லத்தேவையில்லை; திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. வெளியே போகும் டிஸ்க் நோயாளிகளின் அந்தரங்கத்தைச் சுமந்துபோகிறது, ஆகையால் பூட்டவேண்டும். ஆனால் இந்தப் பூட்டை உடைத்துத் திறக்க ஆசாரி கிடையாது. சாவிச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, இரண்டு பேர் பொறுப்பில் இரண்டு இடத்தில் வைக்கவேண்டும். டிஸ்க்கோடு சேர்த்து வைக்கக்கூடாது.

இனி மிகவும் முக்கியமானது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தகவல்களை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. “பேக்கப் வெற்றி” என்று திரையில் பச்சை எழுத்து வருவதை நம்பி இருப்பவர்களுக்காக இதைச் சொல்லுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பழைய கம்ப்யூட்டரில் முழுவதையும் மீட்டெடுத்து, ஒரு நோயாளியின் பதிவையும் ஒரு நன்கொடை ரசீதையும் திறந்து பார்க்கவேண்டும். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைப் பதிவேட்டில் எழுதவேண்டும்.

அந்த மணி நேரங்களில் வாசலில் ஓ.பி. வரிசை நிற்காது. ஆகவே அச்சிட்ட ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, ரசீதுப் புத்தகம் ஆகியவை பதிவு மேஜையின் கீழ்த்தட்டில் எப்போதும் இருக்கவேண்டும். கார்பன் தாளும் சேர்த்து.