டேங்கர் லாரியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது நான்கு ரோடு வழியாகச் செல்லும் டேங்கர் லாரிகளைத் தினமும் பார்க்கிறீர்கள். ஆபத்தான சரக்கு என்றால், வண்டியில் ஒரு பலகையும் அதில் நான்கு இலக்க எண்ணும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 1203 என்றால் பெட்ரோல். 2055 என்றால் ஸ்டைரீன். ஸ்டைரீனைப் பற்றி இன்று சொல்கிறேன்.

தெர்மாகோல் செய்வது இதிலிருந்துதான். நிறமில்லாத, எண்ணெய் போன்ற திரவம். லேசான இனிப்பு வாசனை. 145 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் 31 டிகிரியிலேயே, ஒரு பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பிவிடும். நம் ஊர் வெயில் அதற்கு மேல் போகும். தண்ணீரில் இது மிதக்கும். வாளித் தண்ணீரை ஊற்றினால் தீயும் சேர்ந்து ஓடும். ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தங்கும்.

இன்னொரு குணம், தானே சூடேறுவது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிப்பதை அரியலூர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்டைரீனுக்குத் தண்ணீர்கூட வேண்டாம். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்போது சூடு பிறக்கும். சூடு ஏற ஏற, கோப்பதும் வேகமாகும். அதனால்தான் தடுப்பு மருந்து கலந்து, குளிர்ச்சியாக வைக்கிறார்கள்.

அதில் தவறினால் என்ன ஆகும்? 2020 மே 7 விடியற்காலை, விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறியது. தூக்கத்தில் இருந்த ஊருக்குள் புகுந்து 12 பேர் உயிரைப் பறித்தது. தடுப்பு மருந்து போதவில்லை, குளிரூட்டல் சரியாக நடக்கவில்லை, அபாயச் சங்கும் ஊதவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது.

ஆகவே டேங்கர் கவிழ்ந்தால், குடத்தோடு ஓடாதீர்கள். செல்போனில் படம் எடுக்க நெருங்காதீர்கள். பீடி, வண்டி இன்ஜின் எதுவும் வேண்டாம். காற்று வரும் திசை பார்த்து, அதற்குக் குறுக்காக விலகி, மேட்டுப் பக்கம் செல்லுங்கள். தூரத்திலிருந்தே எண் தெரிந்தால், 112க்கோ 101க்கோ சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தண்ணீரா, நுரையா என்று தீயணைப்பு வீரர்கள் முடிவு செய்ய அந்த எண் உதவும்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.