முதல் நாளே ஓட்டிப் பாருங்கள்

வீட்டுக்கு வாங்கிய மீடியா பிளேயரை ஒருநாள் பத்தாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். இதயம் இயங்கும் விதம் பற்றிய காணொலி. ஒலி கேட்டது, படம் வரவில்லை. பாடவேளை வீணாயிற்று.

கோப்பின் பெயர் எம்.பி.4 என்றுதான் முடிந்தது. ஆனால் அது வெறும் உறை. உள்ளே படம் எச்.265 முறையில் சுருக்கப்பட்டிருந்தது. என் பிளேயர் எச்.264 மட்டுமே ஏற்கும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் மாற்றிய பிறகு படம் ஓடியது.

இன்னொன்று: ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்ற முடியாது.

ஆகவே, வாங்கும்போது உங்கள் பென் டிரைவையே கடையில் போட்டுப் பாருங்கள். வகுப்புக்கு முதல் நாளே, காட்டப்போகும் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள். பாடத்துக்குத் தயாராவதில் இதுவும் சேர்த்திதான்.