திருவோணத்தின் அருகே ஒரு புதுமீன்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வானத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி என்று சபையில் சிலர் எண்ணக்கூடும். தகுதி ஒன்றுண்டு. நாங்கள் ஒருமுறை நன்றாக ஏமாந்தவர்கள்.

2024 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து ஓரிரவில், ஜிந்துப்பிட்டியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், விண்மீன் படமும் இருகண் தொலைகாட்டியுமாக நின்றிருந்தோம். துறைமுகத்து விளக்குகளால் மேற்கு வானம் வெளிறிக் கிடந்தது. கிழக்கே, மங்கிய மீன்களே உள்ள பகுதியில், படத்தில் இல்லாத பிரகாசமான மீனொன்று நின்றது. புதுமீன் என்றே துணிந்து, வெளிநாட்டுச் சங்கமொன்றுக்கு அறிவிக்கக் கடிதமும் எழுதத் தொடங்கிவிட்டோம். அவ்வேளை கீழ்வீட்டுப் பெரியவர் மேலே வந்தார். ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "தம்பிமாரே, சனி இப்ப கும்பத்தில எல்லோ நிக்கிறார்! பஞ்சாங்கம் பார்க்கேல்லையோ?" என்றார்.

மிஷன் பாடசாலையில் படித்து விண்மீன் கூட்டங்களின் இலத்தீன் பெயர்களை ஒப்புவிக்கும் எங்களுக்குப் பஞ்சாங்கம் புரட்டத் தெரியாது. கிரகங்கள் இடம்பெயர்வன, ஆதலால் விண்மீன் படத்தில் அவை அச்சிடப்படுவதில்லை. இச்சிறு விஷயமும் அப்பொழுது நினைவில் வரவில்லை. கடிதம் கிழிந்தது.

அந்த வெட்கத்தோடு படிக்கப் புகுந்தபோதுதான் இராதா கோவிந்த சந்திரரின் வரலாறு எங்களுக்குக் கிடைத்தது. வங்காளத்து யசோர் நகரில் 1878 இல் பிறந்தவர். பிரவேசப் பரீட்சையில் மும்முறை தவறியவர். கச்சேரியின் திறைசேரியிலே சிறு சம்பளத்தில் உத்தியோகம். காளிநாத் முகர்ஜி என்ற வழக்கறிஞர் விண்மீன் படநூல் ஒன்றைத் தயாரித்தபோது, அவருக்கு உதவி செய்து வானத்தைக் கற்றுக்கொண்டார். 1910 இல் ஹாலியின் வால்வெள்ளியை இருகண் தொலைகாட்டியால் கண்டார். 1912 இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வரவழைத்தார். அந்தச் சம்பளத்தில் அது எத்தகைய செலவு என்பதைக் குடும்பஸ்தர்களாகிய பெரியோர்கள் எங்களைவிட நன்கறிவார்கள்.

1918 யூன் 7 இரவு, திருவோணம் இருக்கும் கருடக் கூட்டத்திலே, தாம் அறிந்த வானத்தில் இல்லாத ஒரு மீனை அவர் கண்டார். அடுத்த இரவு உலகின் பல பாகங்களிலே பலர் அதைக் கண்டனர். இரண்டொரு நாளில் அது வானத்து மிகப் பிரகாசமான மீன்களுக்கு ஈடாக எரிந்தது. 1604 க்குப் பின் அவ்வளவு ஒளியோடு தோன்றிய புதுமீன் வேறில்லை. யார் முதலில் கண்டார் என்று வாதிடுவோர் வாதிடட்டும். எங்களுக்கு அதில் அதிக ஆர்வமில்லை. சனியைக் கண்டு மயங்காத கண் அவருக்கு எப்படி வாய்த்தது என்பதே எங்கள் கேள்வி.

விடை அவர் குறிப்புகளில் இருக்கிறது. அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அவர் அனுப்பிய ஒளி மதிப்பீடுகள் 37,000 க்கும் மேல்! அயலில் உள்ள, ஒளியளவு தெரிந்த மீன்களோடு ஒப்பிட்டு, "இதனிலும் மங்கல், அதனிலும் பிரகாசம்" என்று நாளும் நேரமும் குறித்து எழுதுவதே அவ்வேலை. விசேஷம் ஒன்றும் நிகழாத இரவுகளே அவற்றில் மிகுதி. நாங்களோ விசேஷத்தைத் தேடியே மாடி ஏறினோம்.

இப்பொழுது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதியது போல் ஒன்று தோன்றினால், முதலில் கிரகமா என்று பார்க்கிறோம். பின், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கிறோம். அயல் மீன்களினிடையே நகர்ந்திருந்தால் அது சிறு கிரகமோ வால்வெள்ளியோ ஆகலாம். ஏலவே தெரிந்த மாறுவிண்மீன் பெருகி எரிகிறதா என்றும் பட்டியலில் தேடவேண்டும். இவையெல்லாம் தேறினாலும் அது "ஐயத்துக்குரிய புதுமீன்" என்றே எழுதப்படும். பெரிய தொலைகாட்டியில் அதன் ஒளியைப் பிரித்து, வெடித்துப் பாயும் வாயுவின் அடையாளம் கண்ட பின்னரே ஐயம் நீங்கும்.

புதுமீன் என்கிறோமேயன்றி அது புதிதாய்ப் பிறந்த மீன் அன்று. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய கிழமீன் ஒன்று பக்கத்துத் துணைமீனிடமிருந்து ஐதரசனை இழுத்துத் தன்மேல் படியவிட, அப்படிவு ஒருநாள் வெடிக்கிறது. மீன் அழிவதில்லை, மேற்பரப்பே வெடிக்கிறது. சந்திரர் கண்ட மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. சோழர் காலத்து வெடிப்பின் ஒளியே 1918 இல் யசோருக்கு வந்து சேர்ந்தது.

1926 இல் அமெரிக்கச் சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை அனுப்பி வைத்தது. நாடு பிரிந்த பின் அவர் இந்தியப் பக்கத்து பராசத்துக்குக் குடிபெயர்ந்தார். 1975 இல் அங்கே காலமானார். அத்தொலைகாட்டியோ வைணு பாப்புவின் கைக்குச் சென்றது. தமிழ்நாட்டில் காவலூர் வானாய்வு நிலையத்தை நிறுவியவர் அவரே.

திருவோணத்துக்கு மேற்கே, சற்றுத் தென்புறமாக, அந்த மீன் இன்றும் இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்ல தொலைகாட்டி வேண்டும். வருகிற அமாவாசை இரவு, மழையில்லாவிட்டால், அதே மொட்டைமாடியில் கூடுகிறோம். கீழ்வீட்டுப் பெரியவர் பஞ்சாங்கத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். படம் எங்கள் பொறுப்பு.